பதிவுக்கோப்பை அழிப்பது பராமரிப்பு ஆகுமா?



“வட்டு நிரம்பிவிட்டது; பதிவுக்கோப்புகளை அழித்துவிட்டேன்; இனிச் சிக்கல் இல்லை.” சில ஆண்டுகளுக்கு முன்னர், பினாங்கிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடத்தில் இச்சொற்களைக் கேட்டு நானும் தலையசைத்தேன். அதனை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கூடத்துக் கணினிகளுக்கு இணையத்தைப் பகிர்ந்தளிக்கப் பழைய கணினி ஒன்றில் லினக்சும் ‘ஸ்குவிட்’ மென்பொருளும் நிறுவியிருந்தோம். ஒருநாள் அது முடங்கிற்று. கடைசியாக அதனருகே நின்றவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். பழி அவன்மேல் விழுந்தது. அவன் தாயார் வந்து, “சார், என் பிள்ளை அதைத் தொடவே இல்லையாம் சார்” என்று கண்கலங்கினார். மாதக்கணக்கில் ஒரு கோப்பு வீங்கி வட்டை அடைத்ததை நாளும் நேரமுமாகக் காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சியைத்தான் பழுதுபார்க்க வந்தவர் முதல் வேலையாக அழித்திருந்தார். வட்டு நிரம்பியதே காரணம் என்று அவர் வாயாலேயே சொன்னாரே! அதனை நிரப்பியது எங்கள் கவனக்குறைவா, ஒரு சிறுவனின் விரலா? அன்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“பதிவுக்கோப்பு வெறும் குப்பைதானே” என்பார்க்கு ஒரு வினா. வகுப்பின் வருகைப்பதிவேடு நிறைந்தால் கிழித்தெறிகிறோமா? புதியதைத் திறந்து, பழையதை அலமாரியில் அடுக்கி, காலம் கடந்ததைக் கழிக்கிறோம். லினக்சில் இதே வேலையைச் செய்வதுதான் ‘லாக்ரொட்டேட்’ என்னும் இலவசக் கருவி. ரெட் ஹேட் நிறுவனத்தில் எரிக் துரோன், பிரெஸ்டன் பிரவுன் ஆகியோர் எழுதியது.

பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் இது எளிதில் கிடைக்கிறது. பலவற்றில் முன்பே நிறுவப்பட்டும் இருக்கிறது. பிறகேன் எங்கள் வட்டு நிரம்பியது? ஸ்குவிட்டை நாங்கள் மூலநிரலிலிருந்து தனியே நிறுவினோம். அவ்வாறு நிறுவியதன் கோப்பு எங்கே கிடக்கிறது என்பதை நாம் சொன்னாலன்றி லாக்ரொட்டேட் அறியாது. சொல்வதற்கு ஐந்தாறு வரிகள் போதும்: கோப்பின் இடம், வாரம் ஒருமுறை சுழற்றுக, பழையதைச் சுருக்குக, இத்தனை வாரம் வைத்திருக்க, சுழற்றியபின் ஸ்குவிட்டுக்குத் தெரிவிக்க. கடைசி வரியை விட்டுவிட்டால், மென்பொருள் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் கோப்பை வெறுமனே அழித்தாலும், அது அக்கோப்பை மூடும்வரை வட்டில் இடம் மீளாது. அழிப்பு என்பது மருந்தே அன்று என்பதற்கு இதுவே போதும்.

நான்கு வாரம் வைத்திருப்பதே வழக்கமான அமைப்பு. பள்ளிக்கு அது போதாது. ஒரு தவணையாவது காக்க வேண்டும். அதற்கு மேல் வைத்திருப்பதையும் நான் எதிர்க்கிறேன். பிள்ளைகள் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதை ஆண்டாண்டாகச் சேர்த்துவைக்க நமக்கென்ன உரிமை?

“இது தொழில்நுட்பர் வேலை, ஆசிரியர்க்கு எதற்கு?” என்கிறார்கள் சில நண்பர்கள். தொழில்நுட்பர் மாதத்தில் ஒருமுறை வருகிறார். பழியைத் தீர்மானிப்பவர்களோ நாம்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எத்தனை கூடங்களில் இந்த ஐந்தாறு வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்மொழியப் போகிறேன். மறுப்புடையோர் அங்கே வந்து மறுக்கட்டும். அந்தத் தாயாரையும் அழைத்திருக்கிறேன்.