டிவிட்டரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

புதிதாக மென்பொருள் தொழில் தொடங்குபவர்கள் ரூபி, பைத்தான் நிரல்மொழிகள் பக்கமே போகக்கூடாது, முதல் நாளிலிருந்தே ரஸ்ட் மொழியில்தான் எழுத வேண்டும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். அவர் காட்டும் ஒரே ஆதாரம் டிவிட்டர். 2006இல் ரூபி ஆன் ரெயில்ஸில் தொடங்கி, கூட்டம் தாங்காமல் திணறி, பிறகு ஸ்காலா மொழிக்கு மாறிய கதை.

கதை உண்மை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு முழுத் தவறு. டிவிட்டர் திணறியது லட்சக்கணக்கானோர் உள்ளே வந்ததால். அந்தக் கூட்டம் சேரும்வரை தாக்குப்பிடித்தது அதே ரூபிதான். மாற்றி எழுதக் காசும் ஆளும் கிடைத்தது அதற்குப் பிறகு. அவர் சிபாரிசு செய்யும் ரஸ்ட்டின் 1.0 பதிப்பு வெளிவந்ததோ 2015இல்; டிவிட்டர் தொடங்கியபோது அதை எடுத்திருக்கவே முடியாது. இதைக்கூடச் சரிபார்க்காமல் ஊருக்கு உபதேசம் செய்வது பொறுப்பற்ற செயல்.

இன்ஸ்டாகிராமை ஏன் விட்டுவிட்டார்? அது பைத்தானில், அதன் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதப்பட்டது. 2010 அக்டோபரில் வெளியான முதல் நாளே 25,000 பேர் சேர்ந்தார்கள், சர்வர் தள்ளாடியது. நிறுவனர்களில் ஒருவரான மைக் க்ரீகர் பின்னாளில் சொன்ன முதல் காரணம், பிரவுசர் தாவலில் தெரியும் குட்டிப் படக் கோப்பை வைக்க மறந்தது. இல்லாத அந்தக் கோப்பைக் கேட்டு வந்த கோரிக்கைகள் பிழைகளாகக் குவிந்தன. ரஸ்ட்டில் எழுதியிருந்தாலும் அந்தக் கோப்பு தானாக வந்து உட்கார்ந்திருக்காது. 2012இல் இன்ஸ்டாகிராம் 100 கோடி டாலருக்கு விலைபோனபோது அங்கே இருந்தவர்கள் 13 பேர்.

வேலையே மொழியைக் கேட்கும் இடங்களும் உண்டு. லட்சக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் பிடித்துவைக்க, எரிக்சன் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியை எடுத்தது வாட்ஸ்அப். அது தேவை பார்த்துச் செய்த தேர்வு.

நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனம் மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்தது. "நாளைக்குக் கோடி பேர் வருவார்கள்" என்று, எங்களில் எவருக்கும் பழக்கமில்லாத ரஸ்ட்டை எடுத்தோம். எட்டு மாதம் கம்பைலரோடு மல்லுக்கட்டினோம். பழைய பாக்கியை பில்லின் அடியில் காட்டச் சொன்னார் ஒரு கடைக்காரர். அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவர் கணக்கு நோட்டுக்கே திரும்பிவிட்டார். அவர் கடையில் ஒரு நாளைக்கு இருநூறு பில்கூடத் தேறாது. நிறுவனம் மூடப்பட்டது, ஆறு பேருக்கு வேலை போனது.

தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளே, அந்தக் கட்டுரையை நம்பி மொழி மாற்றாதீர்கள். உங்கள் குழுவுக்குக் கைவந்த மொழியில் எழுதி, இந்த மாதமே ஒரு கடைக்காரர் கையில் கொடுங்கள்.