கோடைப் பயணமும் குடும்பத் தலைவரின் பொறுப்பும்



ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. புத்தகப் பைகள் பரணில் ஏறிவிட்டன. "இந்த ஆண்டு எங்கே போகிறோம்?" என்ற கேள்வி இல்லந்தோறும் எழத் தொடங்கிவிட்டது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கும்போது நண்பர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வதும் இதைத்தான். ஒருவர் உதகை என்கிறார். மற்றவர் கொடைக்கானல் என்கிறார். மூன்றாமவர் வெளிநாடே போகப் போவதாகக் கூறிப் பெருமிதத்துடன் நடக்கிறார்.

பொழுதுபோக்கைப் பற்றிய சிறிய கேள்வியாகவே இது தோன்றும். ஆயினும் ஒரு குடும்பத்தில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது, யாருடைய களைப்பு கணக்கில் கொள்ளப்படுகிறது, யாருடைய மௌனம் சம்மதமாக எடுத்துக் கொள்ளப்படுகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு கேள்வி வெளிக்கொணர்ந்துவிடும். எனவே இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நலம்.

பயணத்தை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. பூமியில் சென்று பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அதே வேளையில், பயணம் சிரமம் நிறைந்தது என்பதையும் அது மறைக்கவில்லை. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. ரமளானில் நோன்பை விட்டுப் பின்னொரு நாளில் நோற்கும் சலுகை கிடைக்கிறது. பயணம் மனிதனின் உணவையும் உறக்கத்தையும் கெடுப்பது என்றும், சென்ற காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இறைவனே சலுகை வழங்கும் அளவுக்குச் சிரமமான ஒன்றை, சிந்திக்காமல் ஒரு குடும்பத்தின் மீது ஏற்றலாமா?

அவ்வாறாயின் எந்த அளவுகோலைக் கொண்டு ஊரைத் தேர்வது? நாம் அன்றாடம் காணும் ஒரு காட்சியே இதற்கு விடை தருகிறது. தொழுகை நடத்தும் இமாம், தமக்குப் பின்னால் நிற்போரில் பலவீனரும் முதியவரும் வேலையுள்ளவரும் இருப்பார்கள் என்பதைக் கருதித் தொழுகையை இலகுவாக்க வேண்டும் என்பது நபிகளாரின் கட்டளை. இமாம் நெடுநேரம் ஓதும் ஆற்றல் பெற்றவராக இருக்கலாம். ஆனால் அங்கே அளவுகோல் அவருடைய ஆற்றலன்று. கடைசி வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதியவரின் ஆற்றலே. வணக்கத்திலேயே இந்த முறை என்றால், உல்லாசப் பயணத்தில் இதைவிடக் குறைந்த முறை தகுமா? குடும்பத் தலைவர் பயணத்தின் இமாம் ஆவார். அவர் தம் வீட்டில் மிகவும் பலவீனமானவரை மனத்தில் நிறுத்தியே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டிலுள்ள முதியவரை முதலில் எண்ணிப் பாருங்கள். "எனக்கென்ன இனிமேல் ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது? பிள்ளைகள் போய் வரட்டும், நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்" என்று பாட்டியார் கூறுவார். இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் எத்தனை பேர்! அவர் ஆசையின்றி அவ்வாறு சொல்லவில்லை. தம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் நேருமோ, தமக்காகச் செலவு கூடுமோ என்ற அச்சமே அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை அவர் கண்களில் தோன்றும் ஒளியே உண்மையான விடை.

அவரையும் அழைத்துச் செல்வதென முடிவு செய்துவிட்டால், ஊரின் தேர்வு தானே மாறும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். அந்தக் குளிர்ச்சிக்காகவே நாம் அங்கே ஓடுகிறோம். ஆனால் இளைஞனுக்கு இன்பமாக இருக்கும் அதே குளிர், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பை வரவழைக்கக்கூடும். இதய நோயுள்ளவரை மலைக்கு அழைத்துச் செல்லுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது கடமையாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் மலை ரயில் அற்புதமானது; 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 46 கிலோமீட்டர் தொலைவில் 208 வளைவுகளையும் 16 குகைகளையும் கடந்து செல்லும் அதில் ஒரு முறையேனும் பிள்ளைகளை ஏற்றிக் காட்ட வேண்டும். ஆயினும் மேலேறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். முழங்கால் வலியுடையவர் அவ்வளவு நேரம் இடுங்கிய இருக்கையில் அமர்ந்திருக்க இயலுமா என்று எண்ணிப் பார்ப்பவரே நல்ல குடும்பத் தலைவர். உயரம் குறைந்த ஏற்காடோ, காற்று வீசும் ஒரு கடற்கரை ஊரோ அவருக்கு ஏற்றதாகலாம்.

அடுத்து இல்லத்தரசியை எண்ணுங்கள். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்பவர் அவர். சிக்கனம் கருதி, சமையலறையுடன் கூடிய விடுதியை வாடகைக்கு எடுத்து, அரிசி பருப்பு முதல் அம்மி தவிர மற்றனைத்தையும் மூட்டை கட்டிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. கணவர் பால்கனியில் அமர்ந்து மூடுபனியை ரசிக்கிறார். பிள்ளைகள் தோட்டத்தில் ஓடுகின்றனர். அந்தப் பெண்மணி உள்ளே வெங்காயம் நறுக்குகிறார். அவருக்கு மாறியது அடுப்பின் இடம் மட்டுமே! இதற்கா அத்தனை தூரம் சென்றோம்? ஐந்து நாட்கள் தங்கி அவர் சமைப்பதைவிட, மூன்று நாட்கள் தங்கி அனைவரும் நல்ல உணவகத்தில் உண்டு திரும்புவது மேலானது. அன்றேல் ஆடவர்கள் அந்த அடுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். நபிகளார் ஒரு பயணத்தின்போது உடன் வந்தவர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ஒரு பெரும் சமுதாயத்தின் தலைவர், பயணத்தில் தம் துணைவியின் மகிழ்ச்சிக்கென நேரம் ஒதுக்கினார்கள். நாம் ஒதுக்குகிறோமா?

மூன்றாவதாக, பொருளீட்டுபவரையும் பலவீனர் வரிசையில் சேர்க்க வேண்டும். சுமையைச் சொல்லாமல் சுமப்பவர் அவர். கோடையில் நகையை அடகு வைத்து மலைக்குப் போனவர், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கட்டணத்துக்கும் சீருடைக்கும் புத்தகத்துக்கும் என்ன செய்வார்? அண்டை வீட்டார் சிங்கப்பூர் போனார்கள் என்பதற்காக நாம் கடனில் போவதை எந்த அறிவும் ஒப்பாது. மூன்று நாள் குளிருக்காக முப்பது மாதத் தவணையா? கையிலுள்ள தொகையை முதலில் எழுதுங்கள். பள்ளிச் செலவை அதில் கழியுங்கள். எஞ்சியதற்குள் அடங்கும் ஊர் எதுவோ அதுவே உங்கள் ஊர். ரயிலில் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாக 2024 நவம்பர் முதல் குறைக்கப்பட்டது. முன்கூட்டியே முடிவெடுத்தால் கடைசி நேரத்தில் காருக்கு இரட்டிப்பு வாடகை கொடுக்க நேராது.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதற்கே அரசு தடை விதித்திருக்கிறது என்றால், அந்த வெயிலின் கடுமையை ஊகித்துக் கொள்ளலாம். அங்கிருந்து ஈராண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் விடுப்பில் வருபவரிடம், விமான நிலையத்திலேயே "வாப்பா, ஊட்டிக்கு எப்போது போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அவர் மறுக்க மாட்டார். ஆனால் அவர் இரண்டு ஆண்டுகளாகக் கனவு கண்டது தம் வீட்டுத் திண்ணையையும், தாயின் கையால் உண்ணும் ஒரு கவளத்தையும் அல்லவா? அவருடைய சுற்றுலாத் தலம் அவர் பிறந்த ஊரே. அவருக்கு முதலில் பத்து நாட்கள் வீட்டைக் கொடுங்கள். பிறகு எங்கே செல்வதென அவரே மகிழ்ந்து சொல்வார்.

பிள்ளைகளும் பலவீனர்களே. மலை வளைவுகளில் வாந்தி எடுத்துத் துவண்டுபோகும் குழந்தைக்கு மலை ஒரு தண்டனை. அருவியில் குளிக்க ஆசைப்படும் சிறுவனுக்காகச் சிலர் மே மாதத்தில் குற்றாலம் செல்கின்றனர். குற்றாலத்தின் பருவம் தென்மேற்குக் காற்றுடன் ஜூனில்தான் தொடங்கும். மே மாதத்தில் பாறை மட்டுமே காட்சி தரலாம். அல்லது கோடை மழையால் திடீர் வெள்ளம் வரலாம். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. ஊரை மட்டுமன்றி, அந்த ஊருக்குரிய காலத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிவதற்கு வழி என்ன? கலந்தாலோசனைதான். இறைநம்பிக்கையாளர்கள் தம் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்தே நடத்துவர் எனத் திருமறை சிறப்பித்துக் கூறுகிறது. ஒரு மாலை, மஃரிபுக்குப் பின் அனைவரும் ஒன்றாக அமருங்கள். குடும்பத் தலைவர் தம் விருப்பத்தை முதலில் சொல்லிவிட வேண்டாம். சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். மிகக் குறைவாகப் பேசுபவரை முதலில் கேளுங்கள். மிகச் சிறியவரை அடுத்துக் கேளுங்கள். எங்கே போக வேண்டும் என்பதைவிட, எதைச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கடலில் கால் நனைக்க வேண்டும் என்பதே ஒரு சிறுமியின் விருப்பமாக இருக்கலாம். அதற்குத் தரங்கம்பாடி போதும். 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காட்டி வரலாறும் சொல்லிக் கொடுக்கலாம்.

நாம் செல்லும் ஊரிலும் பலவீனர்கள் உண்டு என்பதை மறக்கலாகாது. நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என நாளொன்றுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. நாம் வாகனத்தில் வரிசை கட்டி நிற்கும் அதே சாலையில்தான் அந்த ஊரின் நோயாளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாம் வீணாக்கும் நீர் அவர்கள் குடிக்க வேண்டிய நீர். எனவே புறப்படுமுன் அப்போதைய விதியை அறிந்துகொண்டு, பிளாஸ்டிக் குப்பையை அங்கே விட்டுவராமல் திரும்புவது விருந்தினரின் ஒழுக்கமாகும்.

இறுதியாக ஒரு பயணியின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கிறோம். மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா, 1325இல் தமது 21ஆம் வயதில் ஹஜ்ஜை நாடிப் பெற்றோரைப் பிரிந்து புறப்பட்டார். நாடுகள் பல கண்டார். இலங்கையில் ஆதம் மலை ஏறினார். நம் தமிழகக் கடற்கரையிலும் கரையேறி மதுரை வரை வந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் ஊர் திரும்பும் வழியில், 1348இல் டமாஸ்கஸ் நகரில் ஒரு செய்தி கேட்டார்: அவர் தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மறு ஆண்டு தாய்நாட்டை அடைந்தபோது, அன்னையும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார் என்பதை அறிந்தார். உலகமே வியக்கும் அந்தப் பயணி, காண வேண்டிய இரு முகங்களைக் காணாமலே திரும்பினார்.

நம் கோடைப் பயணம் அவருடையதைப் போல் நீண்டதன்று. ஆனால் நம் வீட்டிலும் "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்கும் முகங்கள் இருக்கின்றன. அடுத்த கோடையிலும் அவை நமக்காகக் காத்திருக்கும் என்று யாரால் உறுதி கூற முடியும்?

உதகைக்குச் செல்லுங்கள்; கொடைக்கானலுக்கும் செல்லுங்கள்; இயன்றால் இன்னும் தூரமும் செல்லுங்கள். எதையும் நாம் தடுக்கவில்லை. ஆனால் புறப்படும் வண்டியில் வீட்டின் மிகப் பலவீனமானவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்கட்டும். அவர் வரவே இயலாதவராயின், இந்தக் கோடையில் அவர் இருக்கும் ஊரே நம் ஊராகட்டும். திரும்பி வந்த இரவில் அனைவரும் மனநிறைவுடன் உறங்கினால், நாம் சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்பது உறுதி. அத்தகைய பயணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!