ஓட்டம் முடிந்த அந்த அரை மணி

சித்திரையில் மாங்காட்டில் காலை ஆறரைக்கே புழுக்கம் ஏறிவிடுகிறது. ஓடி முடித்து, நனைந்த நைலான் பனியனோடே டீக்கடையில் அரை மணி நேரம் நிற்கிறோம். மென்மையான தோலுக்கு ஓட்டத்தைவிட அந்த அரை மணிதான் கேடு. வேர்வை நாளங்கள் அடைபட்டால் வேர்க்குரு. தொடையிடுக்கில் ஈரம் தங்கினால் படர்தாமரை. உடனே குளித்து, மடிப்புகளை ஒற்றித் துடைத்து, பருத்தி உடுத்தினாலே பெரும்பாலோருக்குப் பாதித் தொல்லை குறையும்.

எனக்குக் கோபம் வருவது, இந்த அரிப்புக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பின் மேல். அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். பூஞ்சையைப் பரவவிடும், தோலை மெலியவைக்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளில் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இன்னமும் ஒரே டியூப் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறுகிறது. அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.