தொண்டையும் தீர்த்தமும்

தண்ணீர் குடிக்கையில் புரையேறினால், யாரோ நினைக்கின்றார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகின்ற வழக்கம் நம் மக்களிடம் வெகுகாலமாய் இருந்து வருகின்றது. நினைப்பதற்கு ஒருவருமில்லாத அனாதைக்கும் புரையேறத்தானே செய்கின்றது? தொண்டையில் சோற்றுக்கு ஒரு வழியும் மூச்சுக்கு ஒரு வழியும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுவழி மூடிக்கொள்ள வேண்டும். மூடுவதற்குள் தண்ணீர் அதில் இறங்கினால் இருமல் வந்து வெளியே தள்ளுகின்றது. புரையேறுவது என்பது இவ்வளவுதான்.

இப்படி மூடித் திறக்கின்ற வேலையை நடத்துவது மூளை. மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டாலும், இரத்தக்குழாய் வெடித்தாலும், கைகால் விழுவதுபோலவே தொண்டையும் விழுந்துவிடலாம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் விழுங்குவதில் கோளாறு ஏற்படுகின்றது. அவர்களில் சிலருக்கு இருமல்கூட வருவதில்லை. ஊற்றியதெல்லாம் ஓசையில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடுகின்றது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? வாய் கோணி விழுந்தவரைப் படுத்தபடியே வைத்து ஒருவர் சோடா ஊற்றுகின்றார். ஒருவர் துளசி தீர்த்தம் விடுகின்றார். மற்றொருவர் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பைத் திறக்கின்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு அவர் இறந்தால், விதி முடிந்தது என்கின்றார்கள். ஊற்றின கைக்குப் பழியில்லை, தலையெழுத்துக்குத்தான் பழி! தீர்த்தக்காரரை மாத்திரம் சொல்வது நியாயமாகாது. பி.ஏ., எம்.ஏ. படித்த பிள்ளையும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு அதே வாயில்தான் போடுகின்றார்.

செய்ய வேண்டிய பரீட்சையோ வெகு சுலபமானது. பழகின நர்ஸ் கட்டிலருகிலேயே செய்யலாம். நோயாளிக்கு நினைவு தெளிவாயிருக்கின்றதா, நிமிர்ந்து உட்கார முடிகின்றதா, தன் எச்சிலை விழுங்குகின்றாரா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தேக்கரண்டியளவு தண்ணீர். 1992-ல் அமெரிக்காவில் வெளியான முறையில் 3 அவுன்ஸ், அதாவது 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்கின்றார்கள். இருமினாலோ, குரல் ஈரமாய்க் கரகரத்தாலோ வாய்வழி எதுவும் கிடையாது; நிபுணர் பார்க்க வேண்டும். 2007-ல் ஆஸ்திரியாவில் ஏற்படுத்திய முறையில் கூழ்ப்பதத்தில் ஆரம்பித்துப் பிறகுதான் தண்ணீருக்குப் போகின்றார்கள். தொண்டையைத் தொட்டு ஓங்கரிக்கின்றாரா என்று பார்ப்பது மாத்திரம் இதற்கு ஈடாகாது.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் நர்ஸுகள் முறையாய்க் கவனித்த இடங்களில், 90 நாளில் இறந்தவரும் பிறர் கையை எதிர்பார்ப்பவருமாக ஆனவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற இடங்களில் 58 பேர். மூன்றும் சேர்ந்து செய்த பலன் இது. தண்ணீர்ப் பரீட்சை ஒன்றே செய்ததென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தீர்த்தமாவது இப்படிக் கணக்குக் காட்டியதுண்டா என்று கேட்கின்றோம்.

சாகக் கிடப்பவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதது பாவமல்லவா என்பார்கள். அவன் சாகக் கிடக்கின்றான் என்று தீர்மானித்தது யார்? இரத்தக்குழாய் வழியாய் நீர் ஏற்றலாம். மூக்கு வழியாய்க் குழாய் விட்டுக் கஞ்சியும் மருந்தும் செலுத்தலாம். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பிவிடுகின்றது. அதுவரை ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து வாயையும் நாக்கையும் துடையுங்கள். தீர்த்தம் வீணாகின்றதே என்று வருந்துகின்றவர்கள் தாங்களே குடித்துக் கொள்ளட்டும். அவர்கள் தொண்டை நன்றாகத்தானே இருக்கின்றது.