செப்டம்பர் 11: காலண்டரில் ஏறாத சாவு

தேதிக்குமா சாதி என்று கேட்கிறார்கள் முற்போக்கு நண்பர்கள். உண்டு அய்யா. சந்தேகம் இருந்தால் ஆகஸ்ட் 20இலிருந்து செப்டம்பர் 11 வரைக்கும் எங்கள் புளியங்குடியில் வந்து இருந்து பாருங்கள். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவுநாள். அருந்ததியர் தெருக்காரர்கள் பச்சேரிக்குப் போவார்கள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாள். மறவர் தெருக்காரர்கள் நெற்கட்டும்செவலுக்குப் போவார்கள். செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் வெட்டுப்பட்ட நாள். பள்ளர் தெருவிலிருந்து நாங்கள் பரமக்குடிக்குப் போவோம். இருபத்து மூன்று நாள். மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடும், மதுரை ரோட்டில் செக்போஸ்ட் முளைக்கும். எலுமிச்சை ஏத்தின வண்டிகூட நின்னு பதில் சொல்லிட்டுத்தான் நகரணும்.

ஒண்டிவீரன் யார்? பூலித்தேவரின் படைத்தளபதி. ஒரே படையில் நின்று வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர்கள் ரெண்டு பேரும். இன்றைக்கு ஒருவர் நாளைக்கு மற்றவர் ஆட்கள் வந்துவிடக்கூடாது என்று நடுவில் போலீஸ் நிற்கிறது. தேதிக்குச் சாதி இல்லையாம்!

நான் பேச வந்தது செப்டம்பர் 11 பற்றி. பத்திரிகைகளில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு கட்டம் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் ஒரு பையன் அதை வாசிப்பான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும். இந்தத் தேதிக்கு அந்தக் கட்டத்தில் வழக்கமாக வந்து உட்காருகிறவர்கள் இவர்கள்: 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் பேசினார். 1895இல் வினோபா பிறந்தார். 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி சத்தியாகிரகத்துக்கு உறுதிமொழி எடுக்க வைத்தார். 1921இல் பாரதி இறந்தார். 1948இல் ஜின்னா இறந்தார். 2001இல் நியூயார்க்கில் கட்டிடங்கள் விழுந்தன. கொஞ்சம் இடதுசாரியான ஏடு என்றால் 1973இல் சிலி நாட்டில் ராணுவம் அலெண்டேயின் ஆட்சியைக் கவிழ்த்ததும் இருக்கும். நான் பார்த்த கட்டங்களில் 1957 இல்லை. 2011உம் இல்லை. சிலிக்காரன் சாவு தெரிகிறது, பரமக்குடி தெரியவில்லை. எவ்வளவு தூரப் பார்வை பாருங்கள்!

இடம் இல்லாமல் விடுபட்டுப் போனது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பாரதியை முதலில் எடுக்கிறேன். எங்கள் மாவட்டத்துக் கடையத்து மருமகன், எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. புதுச்சேரியில் கனகலிங்கத்துக்குப் பூணூல் மாட்டியதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். விசயம் என்னவென்றால், பாரதி உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 இரவு நடுநிசி தாண்டி, ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. ஆங்கிலக் கணக்குப்படி அது 12ஆம் தேதி. மாநகராட்சிப் பதிவேட்டிலும் 12தான். ஆனாலும் 2021இல் அவருடைய நூற்றாண்டு நினைவை ஒட்டி, தமிழக அரசு செப்டம்பர் 11ஐத்தான் 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. ஊரில் விடியும்வரை முந்தின நாள் என்றுதான் கணக்கு, அதனால் தப்பு என்று சொல்லவில்லை. அரசு மனசு வைத்தால் ஒரு சாவை நடுநிசிக்கு இந்தப் பக்கம் இழுத்துக் கொண்டுவந்து வைக்கமுடியும் என்றுதான் சொல்லுகிறேன். அறிவிப்பு வந்த அந்த வருசம், பரமக்குடித் துப்பாக்கிச் சூடு நடந்து சரியாகப் பத்து வருசம். அந்தப் பத்து வருசத்துக்கு ஒரு அறிவிப்பும் இல்லை.

இம்மானுவேல் சேகரனை யாரும் இழுக்க வேண்டியதில்லை. 11ஆம் தேதி ராத்திரியே, பரமக்குடியில் வைத்தே வெட்டினார்கள். செல்லூர்க்காரர். 1924 அக்டோபர் 9இல் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனவர். ராணுவத்தில் இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றவர். 1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலை ஒட்டிக் கலவரம் வந்தபோது, செப்டம்பர் 10ஆம் தேதி கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்துப் பிரதிநிதியாகப் போனார். அங்கே எல்லாரையும்போலச் சரிசமமாக உட்கார்ந்தார், சரிசமமாகப் பேசினார். அதுதான் குத்தம் என்று எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். "நாற்காலியில இருந்தவன பாடையில படுக்க வச்சிட்டாக" என்பார்கள். மறுநாள் ராத்திரி முடிந்துவிட்டது கதை. முப்பத்து மூணு வயசு நிறைய இன்னும் ஒரு மாசம் இருந்தது.

இப்போது 1893க்கு வருவோம். சகோதரர்களே சகோதரிகளே என்று கூப்பிட்டு அமெரிக்காக்காரனைக் கைதட்ட வைத்தாரே, அந்தப் பயணத்துக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவரும் அவர்தான். சரி. அதே வருசம் மே மாதம் என்ன நடந்தது? கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் சேதுபதியின் நிர்வாகத்தில் இருந்தது. தீட்டுப் பட்டுவிட்டது, கழிக்கச் செலவு வேண்டும், இனி இவர்கள் உள்ளே வரக்கூடாது என்று அதே பாஸ்கர சேதுபதி பெயரில் வழக்குப் போடப்பட்டது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், நாடார்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு வாங்கினார்கள். சிகாகோவில் பேசின சகோதரத்துவம் கடல் தாண்டி வந்து பாம்பனில் இறங்கி, கமுதி வரைக்கும்கூட நடந்து வரவில்லை. அன்றைக்கு நாடார்களுக்கே அந்தக் கதி என்றால் பள்ளருக்கும் பறையருக்கும் சக்கிலியருக்கும் கோயில் தெருவே கிடையாது. அந்த மண்ணில்தான் அறுபது வருசம் கழித்து, அதே செப்டம்பரில், சமமாக உட்கார்ந்த ஒருவனை வெட்டினார்கள். 'வரலாற்றில் இன்று' கட்டத்தில் இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வாசிக்கிற பையன் ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது, அதுக்குத்தான் ஒன்றை மட்டும் போடுகிறார்கள்.

காந்தி கதை இன்னும் வேடிக்கை. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினார்கள். எதற்கு? டிரான்ஸ்வாலில் இந்தியன் ஒவ்வொருத்தனும் பேர் பதிந்து, கைரேகை வைத்து, போலீஸ்காரன் கேட்டபோதெல்லாம் சீட்டைக் காட்டவேண்டும் என்று வந்த சட்டத்தை எதிர்த்து. சீட்டு வாங்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள். நல்ல காரியம். இப்போது நாங்கள் அதே தேதியில் புளியங்குடியிலிருந்து கிளம்பி, சிவகிரி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை வழியாகப் பரமக்குடி போய் ஒரு மாலை போட என்ன செய்யவேண்டும்? வாடகை வண்டியில் போகக்கூடாது. சொந்த வண்டி என்றால் முன்கூட்டி எழுதிக்கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கி கண்ணாடியில் ஒட்டவேண்டும். போகிறவன் பேர் வேணும், வண்டி நம்பர் வேணும், போகிற வழி, திரும்புகிற நேரம் எல்லாம் வேணும். கோஷம் போடக்கூடாது. "எதுக்குலே வருசா வருசம் போறிய?" என்று கேட்கிற காவலருக்குப் பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டும். சட்டம் ஒழுங்குக்காக எல்லாச் சாதிக்கும் இதே விதிதான் என்பார்கள். அக்டோபர் 30க்கும் விதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அரசு விழா. மந்திரிமார் வரிசையில் நிற்கிற இடத்துக்குப் போகிறவன் வாங்குகிற சீட்டும், நாங்கள் வாங்குகிற சீட்டும் ஒண்ணா?

வினோபா பற்றி ஒரு வரி போதும். நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்தார். எங்களுக்கென்று 1892இல் ஆங்கில அரசு உத்தரவு போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று யாரும் நடக்கவில்லை.

2011. அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. செப்டம்பர் 9 அன்று பள்ளப்பச்சேரியில் பதினோராம் வகுப்புப் படிக்கிற எங்கள் பிள்ளை ஒருத்தனை வெட்டிப்போட்டார்கள். 11ஆம் தேதி பரமக்குடிக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனை வல்லநாட்டில் போலீஸ் பிடித்துவைத்தது. ஐந்துமுக்கு ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்த சனங்கள் மேல் சுட்டார்கள். ஆறு பேர் செத்தார்கள். அன்றைக்கு எங்கள் வேனை அருப்புக்கோட்டைக்கு முன்னாலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். திரும்பி வந்து தெருவில் இறங்கினால் பொம்பளையாட்கள் எல்லாரும் தலைவாசலில் நிற்கிறார்கள், ஆளை எண்ணிப் பார்க்கிறார்கள். பதினாலு பேர் போனோம், பதினாலு பேர் வந்திருக்கிறோமா என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். விசாரணை ஆணையம் போட்டார்கள். சுட்டது தவிர்க்க முடியாதது என்று ஆணையம் அறிக்கை கொடுத்தது. மறியல் பண்ணின சனத்தைக் கலைக்க இந்த நாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிற வண்டி, கண்ணீர்ப்புகை எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு வரும்போது மட்டும் துப்பாக்கி தவிர்க்க முடியாததாகிவிடுகிறது.

2010இல் தபால்தலை விட்டார்கள். 2023இல் பரமக்குடியில் மணிமண்டபம் என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கட்டட்டும். ஆனால் மணிமண்டபத்துக்குப் பூட்டு உண்டு, சாவி தாசில்தார் கையில் இருக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தால் அதைப் பூட்ட முடியாது.

இனி நம்முடைய ஆட்களிடம் ஒரு வார்த்தை. கோபப்பட்டாலும் சரி. அடுத்தவன் காலண்டரில் நமக்கு இடமில்லை என்று இவ்வளவு கத்துகிறோமே, நம் காலண்டரில் யாருக்கு இடம் இருக்கிறது? ஆகஸ்ட் 20 வருகிறது. பச்சேரி என்ன ரொம்ப தூரமா? பள்ளர் தெருவிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? பரமக்குடி வேனில் அருந்ததியர் தெருப் பையன் ஒருத்தனையாவது ஏற்றியிருக்கிறோமா? வாசுதேவநல்லூர் தனித்தொகுதி, ஓட்டுக் கேட்கும்போது மட்டும் எல்லாரும் ஒடுக்கப்பட்டவர்கள். இம்மானுவேல் சேகரன் வெட்டுப்பட்டது ஒரு சாதிக்குக் குலதெய்வம் ஆகிறதுக்கா? குருபூசை என்ற பேரே அடுத்தவனிடம் கடன் வாங்கினது. சீருடை, முளைப்பாரி, ஃபிளக்ஸ், வேன் மேல் ஏறி நின்று ஆடுறது என்று அவன் செய்கிற அத்தனையும் செய்துவிட்டு, அவன் மாதிரி நமக்கும் அரசு விழா வேண்டும் என்கிறோம். இரட்டைக் குவளையை உடைத்தவன் நினைவுநாளில் நம் தெரு டம்ளரில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம் என்று பார்க்கவேண்டாமா?

இதைத்தான் போன மாதம் எங்கள் தெருப் படிப்பகத்தில் சொன்னேன். வருகிற ஆகஸ்ட் 20க்கு இங்கேயிருந்து ரெண்டு வேன் பச்சேரிக்குப் போகணும், செப்டம்பர் 11க்கு அங்கேயிருந்து வருகிறவர்களை நம் வேனில் ஏற்றணும் என்றேன். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு தாத்தா, நல்ல மனுசன், 57 கலவரக் கதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர், மெதுவாகக் கேட்டார்: "போவலாம்யா. போனா அங்கன சாப்பிடணுமே?"

யாரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தபிறகு கல்லூரியில் படிக்கிற ரெண்டு பையன்களும் ஒரு பிள்ளையும் வந்து வேனுக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.