லவுஞ்ச நம்பி மாத்திரை போடாதீங்க!

1/
ஏர்போர்ட் லவுஞ்ச் பத்தி ஒரு அரசு டாக்டர் ஏன் த்ரெட் போடறார்னு கேப்பீங்க. எனக்கும் கிரெடிட் கார்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா எங்ககிட்ட வந்த ஒரு நோயாளியோட கதையில லவுஞ்ச், கார்டு, சர்க்கரை மாத்திரை மூணும் ஒண்ணா வந்துடுச்சு. அடிக்கடி தொழில் விஷயமா பறக்கிறவங்க முழுசா படிங்க.

2/
அண்ணன் ஊரு இளம்பிள்ளை. கஞ்சமலை அடிவாரம். சேலைன்னா இளம்பிள்ளைன்னு சொல்ற ஊரு. வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு, சேலை வியாபாரம். மாசத்துக்கு ரெண்டு தடவை சூரத். இங்கிருந்து ராத்திரி 11 மணிக்கு கார் எடுத்தா தேவனஹள்ளியில இருக்கிற பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு விடியக்காலை போய் சேரலாம். காலை ஃபிளைட். (அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தியிருக்கேன்.)

3/
அவருக்கு சர்க்கரை இருக்கு. காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி கிளிமிபிரைடு கலந்த மாத்திரை. வழக்கமா லவுஞ்ச்ல 2 ரூபாய்க்கு கார்டைத் தேய்ச்சு இட்லி, உப்புமா, காபி. அன்னைக்கும் அதே கணக்குல, செக்யூரிட்டி வரிசையிலயே மாத்திரையை வாயில போட்டுட்டார். லவுஞ்ச் வாசல்ல கார்டு மெஷின்ல "தகுதி இல்லை"ன்னு வந்துடுச்சு.

4/
கவுண்டர்ல கேட்டா, "போன காலாண்டுல நீங்க செலவு பண்ண வேண்டிய தொகை பண்ணலை சார்". அவருக்கு அப்படி ஒரு விதி வந்ததே தெரியாது. மானம் போன கோபம். வெளிய கடையில ரெண்டு இட்லி விலையைப் பார்த்துட்டு, "இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு குடும்பமே சாப்பிடும்"னு சாப்பிடாமலே போய் போர்டிங் வரிசையில நின்னுட்டார்.

5/
அப்புறம் நடந்தது உங்களுக்கே புரியும். கை நடுக்கம், குளிர் வேர்வை, கண்ணு இருட்டு. பக்கத்துல நின்ன ஒரு அம்மா பையில இருந்து பிஸ்கட்டும் ஜூஸும் குடுத்திருக்காங்க. அதனால பிழைச்சார். ஊருக்கு வந்து என்கிட்ட, "தம்பி, அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, மாத்திக் குடுங்க"ன்னார். நான் சொன்னேன்: "அண்ணா, மாத்திரை சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஒத்துக்காதது உங்க லவுஞ்ச்தான்."

6/
மருத்துவம் முதல்ல. கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளிய தள்ளும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பார்க்காது. அதனால விதி ஒண்ணுதான்: தட்டு கண் முன்னாடி வந்த பிறகு மாத்திரை. தட்டு வரும்ங்கிற நம்பிக்கையில போடக்கூடாது. சாப்பாட்டு நேர இன்சுலினுக்கும் இதே விதிதான்.

7/
சர்க்கரை 70க்குக் கீழ போனா (இல்ல, கருவி இல்லாம அறிகுறி மட்டும் இருந்தா) உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை, இல்ல அரை டம்ளர் ஜூஸ். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. சரியாகலைன்னா இன்னொரு தடவை. சரியான பிறகு ஏதாவது சாப்பிடுங்க. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்க.

8/
இப்ப லவுஞ்ச் கணக்குக்கு வருவோம். உள்ள போக நாலு வழி. பிசினஸ் கிளாஸ் டிக்கெட். விமான நிறுவனத்துல மேல்நிலை உறுப்பினர் தகுதி. கார்டு. இல்ல, நேரா காசு குடுத்துப் போறது. நம்ம ஊர் வியாபாரிங்க பெரும்பாலும் மூணாவது வழிதான். அதை "ஓசி"ன்னு நினைக்கிறோம். ஓசி இல்ல. நீங்க தேய்க்கிற 2 ரூபாயோ 25 ரூபாயோ கார்டு சரிபார்க்கத்தான். உங்க தட்டுக்கான காசை கார்டு குடுத்தவங்க கட்டறாங்க.

9/
கூட்டம் ஏறுச்சு, அவங்களுக்குச் செலவும் ஏறுச்சு. அதனால கதவை இறுக்கினாங்க. எச்டிஎஃப்சி ரெகாலியா கார்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் காலாண்டுக்கு 1 லட்சம் செலவு. ஐசிஐசிஐ தன்னோட பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரல்ல முந்தைய காலாண்டுல 35,000ன்னு வெச்சுது. ஆக்சிஸ் சில கார்டுகளுக்கு 2024 மே முதல் முந்தைய மூணு மாசத்துல 50,000. விதிகள் மாறிட்டே இருக்கு. நீங்க கார்டு வாங்கின அன்னைக்கு சொன்னதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க.

10/
இன்னொண்ணு. கார்டு நிறுவனங்களுக்கும் லவுஞ்சுக்கும் நடுவுல இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கு. அதுல பெரிசா இருந்த டிரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்தறதா அறிவிச்சது. அதாவது உங்க கார்டும் சரி, செலவும் சரின்னாலும், நடுவுல இருக்கிறவங்க சண்டையில கதவு மூடலாம். இவ்வளவு கை மாறி வர்ற ஒரு இட்லிய நம்பியா நாம மாத்திரை போடறது?

11/
"அப்ப 35,000 செலவு பண்ணிட்டா போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. எப்படியும் பண்ற செலவை கார்டுல பண்ணி, முழுசா கட்டிட்டா பிரச்சனை இல்ல. லவுஞ்சுக்காகவே இழுத்து, பாக்கி வெச்சா? மாசம் 3.5% வட்டின்னு வைங்க. 35,000க்கு 1,225 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மொத்தம் 1,445 ரூபாய், ஒரே மாசத்துக்கு. இனிமே அதை 2 ரூபாய் இட்லின்னு சொல்லாதீங்க.

12/
அண்ணனும் அதைத்தான் பண்ணப் பார்த்தார். அடுத்த தடவை வாசல்ல திருப்பி அனுப்பக்கூடாதுன்னு, கடைக்கு வேண்டிய சரக்கை எல்லாம் கார்டுல போட்டுட்டு, "மினிமம் கட்டினா போதும்ல"ன்னார். சேலைக்கு ரூபா கணக்கு பார்த்து பேரம் பேசற மனுஷன்! மானத்துக்குன்னு வந்தா நாம யாருமே கணக்கு பார்க்கிறதில்ல. நானும் சேர்த்துத்தான் சொல்றேன்.

13/
இதைவிட பயங்கரம் ஒண்ணு. 2024ல பெங்களூர் ஏர்போர்ட்ல ஒரு பயணி, லவுஞ்சுக்காகன்னு ஒரு போலி ஆப்பை போன்ல இறக்கினாங்க. அது போன்ல வர்ற எஸ்எம்எஸ்ஸை எல்லாம் திருட்டுத்தனமா அந்தப் பக்கம் அனுப்புற ஆப். ஓடிபியும் அதுல போச்சு. அவங்க கார்டுல இருந்து 87,000 ரூபாய்க்கு மேல போச்சு. லவுஞ்சுக்காக லிங்க் மூலமா எந்த ஆப்பும் இறக்காதீங்க. முகத்தை ஸ்கேன் பண்ணு, ஸ்கிரீனை ஷேர் பண்ணுன்னா நடையக் கட்டுங்க.

14/
அப்ப லவுஞ்சே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. ராத்திரி பூரா கார்ல வந்தவருக்கு சுத்தமான கழிப்பறை, கால் நீட்ட ஒரு நாற்காலி, தண்ணி, அமைதி இதெல்லாம் நிஜமாவே உடம்புக்கு நல்லது. 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால் ரத்தக்குழாய்ல உறைகட்டி வர்ற வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007லயே சொல்லியிருக்கு. விமானம் மட்டுமில்ல, காருக்கும் பஸ்ஸுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவங்களுக்கு வராது, ஆனா உள்ள போய் சோபாவுல சாயாம முதல்ல ஒரு பத்து நிமிஷம் நடங்க.

15/
சர்க்கரைக்காரங்களுக்கு: லவுஞ்ச் பஃபேல "எப்படியும் ஃப்ரீதானே"ன்னு கேசரி, ஜூஸ், கேக் எல்லாம் ஒரு ரவுண்டு போகாதீங்க. வயிறு உங்களோடது. வெறும் வயித்துல மது வேண்டவே வேண்டாம். கல்லீரல் சர்க்கரை வெளியிடறதை அது தடுக்கும், தாழ்நிலை போதை மாதிரியே தெரியும், யாரும் உதவிக்கு வர மாட்டாங்க. இன்சுலின் எப்பவும் கைப்பையில. செக்-இன் லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு கெட்டுப் போகலாம்.

16/
நான் அண்ணனுக்கு எழுதிக் குடுத்தது இதுதான். ஒண்ணு: வீட்டுல இருந்து சப்பாத்தியோ இட்லியோ ஒரு டப்பா. திட உணவை செக்யூரிட்டியில விடுவாங்க. ரெண்டு: சட்டைப் பையில நாலு குளுக்கோஸ் பாக்கெட். மூணு: கிளம்பறதுக்கு முந்தின நாளே பேங்க் ஆப்புல லவுஞ்ச் தகுதி இருக்கான்னு பாக்கணும். நாலு: கிரெடிட் கார்டு பில் முழுசா, தேதிக்குள்ள. லவுஞ்ச் கிடைச்சா லாபம். கிடைக்கலைன்னா நஷ்டம் இருக்கக்கூடாது.

17/
கடைசியா என் கருத்து. காசு குடுத்து பறக்கிற ஒருத்தர் நியாயமான விலையில ஒரு டீ குடிக்க கார்டோட தயவு எதுக்கு? 2024 டிசம்பர்ல கொல்கத்தா ஏர்போர்ட்லயும், 2025 பிப்ரவரியில சென்னையிலயும் உதான் யாத்ரி கஃபே திறந்தாங்க. 10 ரூபாய்க்கு டீ, 10 ரூபாய்க்கு தண்ணி, 20 ரூபாய்க்கு சமோசா. நம்ம கமலாபுரத்துல இருந்து தேவனஹள்ளி வரைக்கும் எல்லா ஏர்போர்ட்லயும் இது வேணும்னு கேளுங்க. லவுஞ்ச் வாசல்ல சண்டை போடறதைவிட இது எல்லாருக்கும் உதவும்.

18/
போன மாசம் அண்ணன் மறுபடி சூரத் போய்ட்டு வந்தார். "லவுஞ்ச் கிடைச்சுதாண்ணா?"ன்னு கேட்டேன். "கிடைச்சுது தம்பி. ஆனா வீட்டு இட்லிய உள்ள உக்காந்து சாப்பிட்டேன், காபி மட்டும் அவங்க கணக்கு"ன்னார். மாத்திரை எப்பப் போட்டீங்கன்னு கேட்டேன். "டப்பாவத் தொறந்த பிறகுதான்."

உங்க வீட்டுலயும் அடிக்கடி பறக்கிற சர்க்கரைக்காரங்க இருந்தா இதை அனுப்பி வைங்க. மாத்திரை அளவை நீங்களா மாத்தாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க.