வாசலில் வேப்பிலை இல்லாத ஊரில்...

நம்ம ஊரில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. பால்காரர் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார். மாசமாக இருக்கும் பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் கல்யாணம், காதுகுத்து என்று எங்கேயும் தலைகாட்ட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் வீடே அடங்கிக் கிடக்கும்.

இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கத் தெரிந்த நாம், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினதும் மட்டும் ஏன் மாறிப் போகிறோம்? இதுதான் என் ஆதங்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 13 வயதுப் பையன், 7 வயதுப் பெண். கோடை லீவில் சிங்கப்பூருக்கு 6 நாள் டூர் போனார்கள். நாலாம் நாள் காலையில் பையனுக்குக் காய்ச்சல். மத்தியானம் சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகிலும் வயிற்றிலும் நீர் கோத்த கொப்புளங்கள். சின்னம்மை!

அப்பா உடனே என்ன சொன்னார் தெரியுமா? "முழுக்கைச் சட்டை போட்டு விடு. ஒரு காய்ச்சல் மாத்திரை குடு. நாளை மறுநாள் ஃப்ளைட் ஏறிட்டா போதும், மிச்சத்தை ஊர்ல போய்ப் பார்த்துக்கலாம்."

அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். வெளியூரில் ரூம் வாடகை, டிக்கெட் மாற்றும் கட்டணம், முடியப் போகும் லீவு, விசா... எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றால், நம்மில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொல்லுவோம்.

அந்த அம்மா மட்டும் அசையவில்லை. "என்னங்க, உங்க தங்கச்சி மாசமா இருந்தப்போ, அம்மை போட்ட வீட்டு வாசலைக்கூட நீங்க மிதிக்க விடலையே! ஃப்ளைட்ல பக்கத்து சீட்ல யாரோட தங்கச்சி உட்காரப் போறாளோ, நமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. டிக்கெட்டை மாற்றினார்கள்.

அந்த அம்மா கேட்டதில் எவ்வளவு வைத்திய உண்மை இருக்கிறது என்று பாருங்கள்.

சின்னம்மைக் கிருமி காற்றிலேயே பரவும். இருமல், தும்மல் மட்டுமல்ல, கொப்புளத்து நீரும் பரப்பும். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரை தொற்றும். சாதாரணமாக இதற்கு 5 முதல் 7 நாள் ஆகும். காய்ச்சல் மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது. முழுக்கைச் சட்டை கொப்புளத்தை மறைக்கும், தொற்றை மறைக்காது.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வந்து போகிற நோய். ஆனால் பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை கொண்டுபோய் விடலாம். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து. அபூர்வமாக வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். பிரசவத்தை ஒட்டி வந்தாலோ, பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய்க்கு சிகிச்சை எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் நிலைமையும் அப்படித்தான். இவர்களும் விமானத்தில் வருகிறார்கள். நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறார்கள்?

இன்னொரு விஷயம். "சிங்கப்பூர் போன இடத்துல ஒட்டிக்கிச்சு" என்று அந்தப் பையனின் பாட்டி சொன்னாராம். இல்லை பாட்டி! கிருமி உள்ளே போய் 10 முதல் 21 நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். பையன் அதை ஊரிலிருந்தே பெட்டியோடு கொண்டு போயிருக்கிறான்.

இது நமக்குப் புதுசும் அல்ல. நம் முன்னோர்கள் கப்பலேறிய காலத்தில், சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874-ல் ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து இறங்கியவர்களை அங்கே வைத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர்.

அன்றைக்கு அரசாங்கம் பிடித்து நிறுத்தியது. பட்டபாடு கொஞ்சமல்ல. 2020-ல் கொரோனா வந்தபோது மறுபடி பிடித்து நிறுத்தினார்கள். இன்றைக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. உங்கள் பையனின் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழுகிறது.

"ரூம்ல அம்மைன்னு சொன்னா ஓட்டல்காரங்க வெளியே தள்ளிட்டா என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மறைத்து, சாப்பாட்டு ஹாலில் நாலு பேரோடு உட்கார்ந்து, பிறகு தெரிய வந்தால் அவமானம் இன்னும் பெரிசு. அந்தக் குடும்பம் முதலில் டாக்டரிடம் போன் செய்து, அம்மை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதனால் கூட்டத்தோடு உட்கார வைக்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை ஓட்டலில் காட்டினார்கள். சாப்பாடு கதவுக்கு வெளியே வந்தது. சுத்தம் செய்ய யாரும் உள்ளே வரவில்லை. துண்டும் விரிப்பும் வாசலில் கைமாறின. வேப்பிலைக்குப் பதிலாக, கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை தொங்கியது. அவ்வளவுதான் வித்தியாசம்!

சரி, உங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

சின்ன வயசிலேயே அம்மை வந்து போனவர் நோயாளியோடு தங்கட்டும். பொதுவாக அவருக்கு மறுபடி வராது. மற்றவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். அரிப்புக்குக் காலமைன் தடவலாம். நிறையத் தண்ணீர், இளநீர், மோர் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்; மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. ஐபுபுரூஃபனும் வேண்டாம். பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் டாக்டர் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுக்கக்கூடும். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதற்குப் பலன் அதிகம். ஆகவே "நாளைக்குப் பார்க்கலாம்" கூடாது. மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத அசதி, கழுத்து விறைப்பு இருந்தால் தனிமையாவது ஒன்றாவது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதற்கு முந்தின 2 நாளில் உங்களோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணி இருந்தால், குறித்த நாளுக்குள் போடும் எதிர்ப்பாற்றல் ஊசி அவளுக்கு உதவும். நீங்கள் சொன்னால்தானே அவள் டாக்டரிடம் போக முடியும்?

விசா முடிவதாக இருந்தால், முடிவதற்கு முன்பே டாக்டர் சீட்டைக் காட்டி நீட்டிப்புக் கேளுங்கள். விமான நிறுவனங்கள் பொதுவாகக் கடைசிக் கொப்புளமும் காய்ந்த பிறகுதான் ஏற்றிக்கொள்ளும். பறக்கலாம் என்று டாக்டர் எழுதிய சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

புறப்படும் முன்பு செய்ய வேண்டியதும் இருக்கிறது. டூர் பட்ஜெட் போடும்போது ஷாப்பிங்குக்கு ஒதுக்குகிறோமே, அதில் ஒரு பங்கை ஒரு வார அறை வாடகைக்கென்று தனியாக வையுங்கள். செலவாகாமல் திரும்பி வந்தால் சந்தோஷம். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஆஸ்பத்திரியில் சேராமல் அறையில் தங்கினால் பணம் தருவார்களா, டிக்கெட் மாற்றத்துக்குத் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசி. ஜப்பானில் டாக்டர் மிச்சியாகி தகஹாஷி 1970-களிலேயே கண்டுபிடித்துக் கொடுத்தது. இரண்டு தவணை. அந்த வீட்டில் பெண் குழந்தைக்குப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. பையனுக்கு மட்டும் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டது, அப்புறமாகவே போய்விட்டது. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போகிற பெற்றோர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சின்ன வயதில் அம்மை வந்ததா, இல்லையா என்று தெரியாவிட்டால், டிக்கெட் வாங்கும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். பருப்புப்பொடியோடு அம்மையையும் கொண்டுபோய் இறக்காதீர்கள்.

டூர் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லை என்று சொல்கிறவரைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள். சொன்னால் கெட்டபெயர் என்ற நிலைமை இருக்கும்வரை, யாரும் சொல்லப் போவதில்லை.

அந்தப் பையன் 8 நாள் சிங்கப்பூரை ஜன்னல் வழியாகவே பார்த்தான். பணமும் கணிசமாகக் கரைந்தது. ஒன்பதாம் நாள் விமானத்தில் அவனுக்குப் பக்கத்தில், மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாளாம். அப்பா தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.